கணினி, கன்சோல், கைபேசி மூன்றுக்கும் ஒரே மென்பொருள் சூழல்: யார் பக்கம் போவது?

வீட்டில் ஒரு மடிக்கணினி, தொலைக்காட்சியோடு இணைத்த ஒரு கேம் கன்சோல், கையில் ஒரு கைபேசி. மூன்றுக்கும் மூன்று கணக்கு, மூன்று கடை, ஒரே விளையாட்டுக்கு இரண்டு முறை கட்டிய பணம் என்று சலித்துப்போனவர்கள், அடுத்த சாதனம் வாங்கும் நேரத்தில் ஒரு கேள்விக்கு வந்து நிற்கிறார்கள்: பேசாமல் ஒரே நிறுவனத்தின் பக்கம் போய்விடலாமா, போவதென்றால் யார் பக்கம் போவது?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த நிறுவனத்தின் ஒருங்கிணைப்பும் முழுமையானதில்லை. ஒவ்வொன்றும் தன் கை ஓங்காத சாதனத்தில் வந்து அறுந்துபோகிறது. மைக்ரோசாஃப்ட்டுக்கும், ஸ்டீம் என்ற கணினி விளையாட்டுக் கடையை நடத்தும் வால்வுக்கும் அது கைபேசியில் அறுகிறது. ஆப்பிளுக்குத் தொலைக்காட்சி முன்னால் அறுகிறது. கூகுளுக்குக் கணினியிலும் தொலைக்காட்சி முன்னாலும் அறுகிறது. எனவே எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்பதைவிட, அறுந்துபோகும் அந்த இடம் உங்களுக்கு அதிகம் தேவைப்படாத இடம்தானா என்று கேட்டுக்கொள்வதே தேர்வைச் சுலபமாக்கும். விளையாட்டுகளையே இக்கட்டுரை அதிகம் பேசுகிறது. ஆவணங்களையும் படங்களையும் ஓர் இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு இன்று மாற்றிவிடலாம், பணம் கட்டி வாங்கிய விளையாட்டைத்தான் மாற்ற முடியாது.

## எதை வைத்து அளப்பது

விளம்பரங்கள் ஒன்றாகக் கலந்து காட்டும் நான்கு விஷயங்களை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். முதலாவது நிரல்: ஒரே மென்பொருள் எல்லாச் சாதனங்களிலும் நேரடியாக இயங்குகிறதா. இரண்டாவது உரிமம்: ஒருமுறை கட்டிய பணம் எல்லாச் சாதனங்களிலும் செல்லுமா. மூன்றாவது சேமிப்பு: இங்கே நிறுத்திய இடத்திலிருந்து அங்கே தொடர முடியுமா. நான்காவது கணக்கு: நண்பர் பட்டியலும் சாதனைகளும் கூடவே வருமா. இந்த நான்கில் ஒன்று இருப்பதால் மற்றவையும் இருக்கும் என்று நினைத்துக்கொள்வதுதான் பலர் ஏமாறும் இடம்.

மைன்கிராஃப்ட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் பெட்ராக் பதிப்பு 2017 செப்டம்பரில் விண்டோஸ் 10, எக்ஸ்பாக்ஸ் ஒன், கைபேசி ஆகியவற்றில் இருப்பவர்களைச் சேர்ந்து விளையாட வைத்தது. 2018இல் நின்டெண்டோ ஸ்விட்சும், 2019 டிசம்பரில் பிளேஸ்டேஷன் 4-உம் அதில் சேர்ந்தன. அக்கா ஐபோனிலும் தம்பி கன்சோலிலும் இருந்துகொண்டு ஒரே உலகத்தில் வீடு கட்டலாம். ஆனால் கைபேசிக்குக் கட்டிய பணம் கன்சோலில் செல்லாது, அங்கே தனியாக வாங்க வேண்டும். கட்டிய உலகமோ, ரெல்ம்ஸ் என்ற மாதச் சந்தா எடுக்காவிட்டால், அதை உருவாக்கிய சாதனத்திலேயே கிடக்கும். கணக்கு ஒன்றுதான், நிரலும் ஏறக்குறைய ஒன்றுதான், உரிமம் மட்டும் சாதனத்துக்குச் சாதனம் வேறு.

இந்த நான்கோடு இன்னும் இரண்டைச் சேர்க்க வேண்டும். ஒன்று ஆயுள்: இன்று வாங்குவது 10 ஆண்டு கழித்தும் இயங்குமா. மற்றொன்று வெளியேறும் செலவு: மனம் மாறினால் எவ்வளவை விட்டுவிட்டுப் போக வேண்டியிருக்கும். கடைச் சீட்டில் வராத செலவுகளை ஒவ்வொரு தேர்வின் கீழும் தனியே சொல்கிறேன்.

## மைக்ரோசாஃப்ட்: விண்டோஸும் எக்ஸ்பாக்ஸும்

மூன்று திரைகளையும் ஒரே நிரலால் இணைக்க மிக வெளிப்படையாக முயன்றது மைக்ரோசாஃப்ட்தான். 2015 ஜூலை 29 அன்று விண்டோஸ் 10 வந்தபோது, ஒரு செயலியை ஒருமுறை எழுதினால் கணினி, கைபேசி, எக்ஸ்பாக்ஸ் அனைத்திலும் ஓடும் என்பதே அதன் பெரிய வாக்குறுதி. இரண்டு மூன்று ஆண்டுகளில் 100 கோடிச் சாதனங்கள் என்ற இலக்கையும் நிறுவனம் அறிவித்தது. அந்தக் கணக்கில் கைபேசிக்கும் பங்கு இருந்தது; ஆனால் அதே ஜூலையில்தான் நோக்கியாவின் கைபேசிப் பிரிவை வாங்கியதில் 760 கோடி டாலரை நட்டமாக எழுதித் தள்ளினார்கள். 100 கோடி என்ற எண்ணிக்கை 2020 மார்ச்சில்தான் எட்டப்பட்டது, அதுவும் கைபேசிகள் இல்லாமலேயே. கைபேசியே இல்லை என்றான பிறகு, பழைய வழியிலேயே விண்டோஸ் செயலி எழுதிக்கொண்டிருந்த நிரலாளர்கள் புதிய வகைக்கு மாற வேண்டிய காரணமும் இல்லாமல் போனது.

அதன் பிறகு நிறுவனம் பிடித்துக்கொண்டது உரிம ஒருங்கிணைப்பை. 2016இல் தொடங்கிய எக்ஸ்பாக்ஸ் ப்ளே எனிவேர் திட்டத்தில் உள்ள விளையாட்டை ஒருமுறை வாங்கினால் விண்டோஸ் கணினியிலும் கன்சோலிலும் விளையாடலாம். சேமிப்பும் சாதனைகளும் கூடவே வரும். ஃபோர்ஸா ஹொரைசன் 3 அதன் தொடக்கக்கால விளையாட்டுகளில் ஒன்று. இன்று அந்தப் பட்டியலில் 1,000க்கும் மேற்பட்ட விளையாட்டுகள் இருப்பதாக நிறுவனம் சொல்கிறது. கணினிக்கும் தொலைக்காட்சிக்கும் இடையே மட்டும் பார்த்தால், இதுவே இன்று கிடைக்கும் நேர்மையான ஏற்பாடு என்று நான் கருதுகிறேன்.

ஆனாலும் ஓட்டைகள் உண்டு. வட்டாக வாங்கிய விளையாட்டுக்கு ப்ளே எனிவேர் செல்லாது, எக்ஸ்பாக்ஸ் கடையில் டிஜிட்டலாக வாங்கியதற்கு மட்டுமே செல்லும். பழைய எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுகள் பல புதிய கன்சோலில் ஓடுகின்றன, கணினியில் ஓடுவதில்லை. 2025 அக்டோபரில் ஆசுஸுடன் சேர்ந்து வெளியிட்ட ஆர்ஓஜி எக்ஸ்பாக்ஸ் அலை என்ற கையடக்கக் கருவியில் இந்த ஓட்டை நன்றாகத் தெரிகிறது. பெயரில் எக்ஸ்பாக்ஸ் இருந்தாலும் உள்ளே இருப்பது விண்டோஸ். பல ஆண்டுகளாகக் கன்சோலில் வாங்கிச் சேர்த்தவர் அதில் தன் கணக்கைத் திறந்தால், ப்ளே எனிவேர் பட்டியலில் உள்ளவற்றை மட்டுமே நிறுவிக்கொள்ள முடியும்; மற்றவற்றை, நிறுவனத்தின் கணினிகளில் ஓடும் விளையாட்டின் படத்தை இணையத்தில் பெறும் கிளவுட் வழியாகவோ, வீட்டுக் கன்சோலை ஓடவிட்டு இணையத்தின் வழியாக இழுத்தோதான் விளையாட வேண்டும்.

கைபேசியில் மைக்ரோசாஃப்ட் விருந்தாளி மட்டுமே. விண்டோஸ் 11க்குள் ஆண்ட்ராய்டு செயலிகளை இயக்கும் வசதியை 2025 மார்ச் 5 அன்று நிறுத்திவிட்டார்கள். 2024 ஜூலையில் திறப்பதாகச் சொன்ன கைபேசி விளையாட்டுக் கடையும் சொன்ன நேரத்தில் திறக்கவில்லை. எஞ்சியிருப்பது கணினியோடு கைபேசியை இணைக்கும் போன் லிங்க் செயலியும் கிளவுட் விளையாட்டும்.

மறைந்திருக்கும் செலவுகளில் முதலாவது சந்தா. மாதக் கட்டணத்துக்குப் பல விளையாட்டுகளைத் திறந்துவிடும் கேம் பாஸ் சந்தாவின் அல்டிமேட் வகை அமெரிக்காவில் 2025 அக்டோபரில் மாதம் 19.99 டாலரிலிருந்து ஒரே அடியாக 29.99 டாலர் ஆனது. சந்தாவை நிறுத்தினால் அதன் வழியாக விளையாடிய அனைத்தும் பூட்டிக்கொள்ளும். சந்தாவில் இருக்கும்போதே சில விளையாட்டுகள் பட்டியலைவிட்டுப் போய்விடுவதும் உண்டு. இரண்டாவது, பணம் கொடுத்து வாங்கிய விளையாட்டை மற்றவர்களோடு இணையத்தில் விளையாடக் கணினியில் கட்டணம் இல்லை, கன்சோலில் சந்தா வேண்டும். மூன்றாவது, சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் கன்சோல்களுக்கென உருவான விளையாட்டுகளை வெளியிலிருந்து இயக்க, அவற்றுக்கெனவே செய்த விரிவாக்க அட்டைதான் வேண்டும், சாதாரண யூஎஸ்பி வட்டு போதாது.

## ஆப்பிள்: மேக், ஐபேட், ஐபோன்

நிரல் மட்டத்தில் ஒருங்கிணைப்பை உண்மையிலேயே சாதித்தது ஆப்பிள் ஒன்றுதான். 2014இல் ஐபோனில் தொடங்கிய வேலையை மேக்கில் தொடரும் வசதி வந்தது. 2019இல் ஐபேட் செயலிகளை மேக்குக்குக் கொண்டுவரும் கேட்டலிஸ்ட் வந்தது. 2020 மார்ச்சில் மேக்குக்கும் சேர்த்து ஒரே உரிமம் வழங்க நிரலாளர்களுக்கு வழி திறந்தது. அதே ஆண்டு நவம்பரில் எம்1 சில்லு வந்தபோது கைபேசிக்கும் கணினிக்கும் ஒரே வகைச் சில்லு என்றாகி, ஐபோன், ஐபேட் செயலிகள் மாற்றமின்றியே மேக்கில் ஓடத் தொடங்கின. நிரலாளர் அனுமதித்தால் மட்டுமே என்ற நிபந்தனை இதில் உண்டு. அனுமதிக்காதவர்களும் நிறையப் பேர்.

பெரிய விளையாட்டுகளில் இது எப்படி இருக்கிறது என்பதற்கு டெத் ஸ்ட்ராண்டிங்கைப் பார்க்கலாம். 2024 ஜனவரியில் அது ஐபோன் 15 ப்ரோ, எம் வகைச் சில்லு கொண்ட ஐபேட், மேக் ஆகியவற்றுக்கு வந்தது. ஒருமுறை வாங்கினால் மூன்றிலும் விளையாடலாம். ஒரு கன்சோல் விளையாட்டு சட்டைப் பைக்குள் ஓடுவது வியப்பானதுதான். ஆனால் தொடுதிரையில் இரண்டு கட்டைவிரல்களும் படத்தின் பாதியை மறைத்துக்கொள்கின்றன, போன் சூடாகிறது, மின்கலம் இறங்குகிறது. ஒரு கன்ட்ரோலரை மாட்டிய பிறகுதான் அது விளையாட்டாகிறது. இந்தத் தரத்தில் மேக்குக்கு வரும் விளையாட்டுகள் விண்டோஸுக்கு வருபவற்றோடு ஒப்பிட்டால் மிகச் சில. தொலைக்காட்சியில் ஆப்பிள் டிவி பெட்டி இருக்கிறது. சிறு விளையாட்டுகளுக்கு அது போதும், கன்சோல் வைத்திருந்தவருக்குப் போதாது.

ஆயுள் என்ற அளவுகோலில் ஆப்பிள் மிகவும் கறாரானது. 2017இல் ஐஓஎஸ் 11 வந்ததும் 32-பிட் என்ற பழைய வகைச் செயலிகள் அனைத்தும் ஐபோனில் நின்றுபோயின. 2019இல் மேக்ஓஎஸ் கேட்டலினா அதையே மேக்கில் செய்தது, பணம் கொடுத்து வாங்கிய பழைய விளையாட்டுகள் பல ஒரே புதுப்பிப்பில் செத்தன. இன்டெல் காலத்து மென்பொருளைப் புதிய மேக்குகளில் ஓடவைக்கும் ரொசெட்டா 2, மேக்ஓஎஸ் 27 வரைதான் முழுமையாக இருக்கும் என்றும், அதன் பிறகு சில பழைய விளையாட்டுகளுக்காக ஒரு பகுதி மட்டும் மிஞ்சும் என்றும் 2025இல் அறிவித்தார்கள். புதியதை வேகமாக ஒன்றிணைக்க முடிவதே பழையதை இப்படித் தயங்காமல் கைவிடுவதால்தான். இதைக் குறையாகச் சொல்லவில்லை, ஆனால் வாங்குபவர் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

மறைந்த செலவு பெரும்பாலும் சேமிப்பிடத்தில் இருக்கிறது. ஐகிளவுடில் இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபி. படங்களும் காப்புப் பிரதியும் அதைச் சில வாரங்களில் நிரப்பிவிட, மாதச் சந்தா தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். மேக்புக்கில் சேமிப்பு அளவை வாங்கும்போதே முடிவுசெய்துவிட வேண்டும், பிறகு கூட்ட முடியாது. குடும்பப் பகிர்வில் 6 பேர் வரை சேரலாம் என்றாலும், விளையாட்டுக்குள் காசு கொடுத்து வாங்கும் நாணயங்களும் ரத்தினங்களும் பகிரப்படுவதில்லை. வெளியேறும் செலவும் இங்கேதான் அதிகம்: ஐபோனில் வாங்கிய எதுவும் ஆண்ட்ராய்டில் செல்லாது, வாட்ச் ஐபோனோடு மட்டுமே இணையும்.

## வால்வ்: ஸ்டீமும் ஸ்டீம்ஓஎஸும்

வால்வின் பாதை மற்றவற்றுக்கு நேர் எதிரானது. மற்றவர்கள் சாதனத்தில் தொடங்கிக் கடைக்கு வந்தார்கள். இவர்கள் 2003இல் கடையைத் தொடங்கிப் பிறகுதான் சாதனத்துக்கு வந்தார்கள். 2010இல் ஸ்டீம் மேக்குக்கு வந்தபோதே, ஒரு முறை வாங்கினால் விண்டோஸ், மேக் இரண்டுக்குமான பதிப்புகளும் சேர்ந்தே கிடைக்கும் என்ற வழக்கத்தை ஏற்படுத்திவிட்டார்கள். விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமான லினக்ஸும் பிறகு அதில் சேர்ந்தது.

அவர்களும் முதலில் தோற்றவர்கள்தான். 2015 நவம்பரில் பல நிறுவனங்கள் சேர்ந்து வெளியிட்ட ஸ்டீம் மெஷின் கணினிகள் விற்கவில்லை. லினக்ஸுக்கென எழுதிய விளையாட்டுகளை மட்டுமே அவற்றில் ஓட்ட முடிந்தது, அப்படி எழுத யாரும் முன்வரவில்லை. அந்தத் தோல்வியிலிருந்து எடுத்த முடிவுதான் முக்கியமானது: நிரலாளர்களை மாறச் சொல்லிக் கெஞ்சாமல், விண்டோஸுக்கு எழுதிய விளையாட்டை அப்படியே லினக்ஸில் ஓடவைப்பது. 2018 ஆகஸ்டில் வந்த ப்ரோட்டான் அதைத்தான் செய்கிறது. விளையாட்டு விண்டோஸிடம் கேட்பதை லினக்ஸுக்குப் புரியும்படி அது உடனுக்குடன் மாற்றித் தருகிறது. 2022 பிப்ரவரியில் வந்த ஸ்டீம் டெக் கையடக்கக் கருவி இதை நம்பித்தான் நிற்கிறது. 10 ஆண்டுக்கு முன்னால் மேசைக் கணினிக்காக வாங்கிய விளையாட்டும் அதில் மீண்டும் பணம் கட்டாமல் திறக்கிறது.

சேமிப்பு நகர்வதை அருகிலிருந்து பார்த்தால் இந்த ஏற்பாட்டின் தரமும் எல்லையும் தெரியும். டெக்கில் விளையாடிக்கொண்டிருக்கும்போது விசையை அழுத்தித் தூங்கவைத்துவிட்டு, மேசைக் கணினியில் அதே விளையாட்டைத் திறக்கிறீர்கள் என்று வையுங்கள். விளையாட்டு இன்னும் மூடப்படவில்லை என்பதால் சேமிப்பு மேலே போயிருக்காது. தூங்கும்போதே அனுப்பிவிடும் வசதியை வால்வ் உருவாக்கித் தந்திருக்கிறது, ஆனால் விளையாட்டை எழுதியவர் அதைச் சேர்த்திருந்தால்தான் அது நடக்கும். சேர்க்காவிட்டால், கிளவுடில் இருக்கும் கோப்பா, இந்தக் கணினியில் இருக்கும் கோப்பா என்று இரண்டு நேரங்களைக் காட்டி ஒரு பெட்டி கேட்கும். அவசரத்தில் தவறானதைத் தொட்டால் நேற்றிரவு விளையாடியது போய்விடும். ஆகவே டெக்கில் விளையாட்டை மூடிவிட்டு எழும் பழக்கம் நல்லது.

கன்சோல் பக்கம், 2025 மே மாதம் லெனோவோவின் லீஜன் கோ எஸ் என்ற கையடக்கக் கருவி, லினக்ஸை வைத்து வால்வ் உருவாக்கிய இயங்குதளமான ஸ்டீம்ஓஎஸ் நிறுவப்பட்டே விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில், தொலைக்காட்சி அருகே வைக்கும் புதிய ஸ்டீம் மெஷினையும் ஸ்டீம் ஃப்ரேம் என்ற மெய்நிகர் தலைக்கவசத்தையும் வால்வ் அறிவித்தது. அந்தத் தலைக்கவசத்துக்குள் இருப்பது கைபேசிகளில் இருக்கும் ஆர்ம் வகைச் சில்லு. கணினி விளையாட்டுகளை அதிலும் ஓட்டும் வேலையை வால்வ் ஏற்றிருப்பதுதான் எனக்கு அந்த அறிவிப்பிலேயே சுவையான பகுதி. ஆனால் கைபேசியில் இன்றைக்கு இருப்பது ஸ்டீம் லிங்க் மட்டுமே: வீட்டில் கணினி ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அதன் படத்தைக் கைபேசி காட்டும்.

மறைந்த செலவாகப் பணத்தைவிட உழைப்பைச் சொல்ல வேண்டும். இயங்குதளத்தின் ஆழத்தில் வேலை செய்யும் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் கொண்ட வேலரன்ட், ஃபோர்ட்நைட் போன்ற போட்டி விளையாட்டுகள் ஸ்டீம்ஓஎஸில் ஓடுவதில்லை. சில விளையாட்டுகளில் எழுத்து சிறியதாக இருக்கும், சிலவற்றில் முதல் முறை அமைப்புகளைத் திருத்த வேண்டியிருக்கும். விளையாட்டு டெக்கில் எப்படி ஓடும் என்ற மதிப்பீட்டைக் கடையிலேயே போட்டிருப்பதால் வாங்கும் முன் பார்த்துக்கொள்ளலாம். ஸ்டீம் செயலியும் பழைய இயங்குதளங்களைக் கைவிடும்: 2024 ஜனவரி 1 முதல் விண்டோஸ் 7, 8 இரண்டுக்கும் ஆதரவு நின்றது. வாங்குவது உரிமம்தான், சொத்து அல்ல. கணக்கை யாருக்கும் எழுதிவைக்கவும் முடியாது. அதே நேரம், வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும் என்ற வெளிப்படையான விதி இங்கே உண்டு.

## கூகுள்: ஆண்ட்ராய்டிலிருந்து மேலே

கூகுளுக்குக் கைபேசிதான் கோட்டை. அங்கிருந்து கணினிக்கு ஏற முயல்கிறது. 2022 ஜனவரியில் சோதனையாகத் தொடங்கிய விண்டோஸுக்கான கூகுள் ப்ளே கேம்ஸ், கைபேசி விளையாட்டை விசைப்பலகையோடும் பெரிய திரையோடும் விளையாடத் தருகிறது. முன்னேற்றம் இரண்டுக்கும் பொது. குறைந்தது 8 ஜிபி நினைவகம் கேட்கிறது என்பதைப் பழைய மடிக்கணினி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். ஆண்ட்ராய்டையும், குரோம்புக் மடிக்கணினிகளில் ஓடும் குரோம்ஓஎஸையும் ஒரே அடித்தளத்தில் கொண்டுவந்து கணினிக்குத் தருவோம் என்று 2025இல் சொல்லியிருக்கிறார்கள்.

தொலைக்காட்சி பக்கம் கூகுளின் வரலாறு நம்பிக்கை தருவதாக இல்லை. 2019 நவம்பரில் தொடங்கிய ஸ்டேடியா என்ற கிளவுட் விளையாட்டுச் சேவையை 2023 ஜனவரி 18 அன்று மூடினார்கள். விளையாட்டுகளுக்கும் கருவிகளுக்கும் கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தது பாராட்டத்தக்கது; என்றாலும் விளையாடிய நேரத்தை யாரும் திருப்பித் தர முடியாது. சிறு தொகைக்கு நிறையக் கைபேசி விளையாட்டுகள் ஆடுபவருக்கு இந்தச் சூழல் போதும். கன்சோலையும் கணினியையும் ஒன்றாக்கும் எண்ணத்தோடு இதில் பணம் போட இப்போதைக்குக் காரணம் எதுவும் இல்லை.

## சோனியும் நின்டெண்டோவும்

இரண்டும் நல்ல கன்சோல்கள், ஆனால் இந்தக் கேள்விக்கு விடையல்ல. பிளேஸ்டேஷனில் வாங்கிய சோனி விளையாட்டைக் கணினியில் விளையாட மீண்டும் வாங்க வேண்டும். ஜென்ஷின் இம்பாக்ட் போல முன்னேற்றம் எல்லா இடத்திலும் தொடரும் விளையாட்டில்கூட, பிளேஸ்டேஷனில் காசு கொடுத்து வாங்கிய, விளையாட்டுக்குள் செலவழிக்கும் படிகங்கள் பிளேஸ்டேஷனிலேயே நின்றுவிடும். நின்டெண்டோ தன் பெரிய விளையாட்டுகளைக் கணினிப் பக்கம் அனுப்புவதே இல்லை.

## பக்கம் பக்கமாகப் பார்த்தால்

| அளவுகோல் | மைக்ரோசாஃப்ட் | ஆப்பிள் | வால்வ் | கூகுள் |
|---|---|---|---|---|
| நிரல் | கணினி, கன்சோல் தனித்தனிப் பதிப்பு | மேக், ஐபேட், ஐபோனில் ஏறக்குறைய ஒன்று | விண்டோஸ் பதிப்பே லினக்ஸிலும் | கைபேசிப் பதிப்பே கணினியிலும் |
| உரிமம் | ப்ளே எனிவேர் பட்டியலுக்கு மட்டும் | நிரலாளர் தந்தால் | ஸ்டீம் ஓடும் எந்தக் கணினிக்கும் | ஆண்ட்ராய்டு சாதனங்களுக்கு |
| சேமிப்பு | தானாக வரும் | ஐகிளவுட், நிரலாளரைப் பொறுத்து | பெரும்பாலும் வரும், மோதல் உண்டு | நிரலாளரைப் பொறுத்து |
| ஆயுள் | கன்சோலில் மிக நன்று | குறைவு | நன்று | நடுத்தரம் |
| அறுந்துபோகும் இடம் | கைபேசி | தொலைக்காட்சி | கைபேசி | கணினி, தொலைக்காட்சி |
| வெளியேறும் செலவு | நடுத்தரம் | மிக அதிகம் | குறைவு | நடுத்தரம் |

வால்வின் வெளியேறும் செலவைக் குறைவு என்று போட்டதற்குக் காரணம், அங்கே வெளியேற வேண்டியது சாதனத்திலிருந்துதான். எந்த நிறுவனத்தின் கணினிக்கு மாறினாலும் ஸ்டீம் கூடவே வந்துவிடும். ஸ்டீமையே விட்டுப் போவதென்றால் அங்கும் எல்லாம் போகும்.

## யாருக்கு எது பொருந்தும்

வரவேற்பறைத் தொலைக்காட்சியும் விண்டோஸ் கணினியும்தான் முக்கியம், கைபேசி பேசவும் படம் பார்க்கவும் மட்டுமே என்பவருக்கு மைக்ரோசாஃப்ட் பொருந்தும். ஆனால் ஒவ்வொரு விளையாட்டையும் வாங்கும் முன் ப்ளே எனிவேர் முத்திரையைத் தேடிப் பார்த்துவிட வேண்டும். கேம் பாஸைப் புதிதுபுதிதாகச் சுவைத்துப் பார்க்க வைத்துக்கொண்டு, திரும்பத் திரும்ப ஆடுவதைத் தனியே வாங்கிவிடுவது நல்லது.

வரைதல், எழுத்து, இசை, படத்தொகுப்பு போன்ற வேலைகளுக்கே சாதனம் வேண்டும், விளையாட்டு ஓய்வு நேரத்துக்கு மட்டும் என்பவருக்கு ஆப்பிளின் ஒருங்கிணைப்புக்கு இணை இல்லை. அவர் வீட்டில் விளையாட்டுப் பைத்தியம் ஒருவர் இருந்தால், அவருக்குத் தனிக் கன்சோலே வாங்கிக் கொடுத்துவிடலாம். மேக்கை விளையாட்டுக் கணினியாக்கப் போராடுவதைவிட அது மலிவு.

பல ஆண்டுகளுக்கு விளையாட்டுகளைச் சேர்த்து வைக்க நினைப்பவருக்கும், பழையதை மீண்டும் எடுத்து ஆடுபவருக்கும் வால்வையே நான் சொல்வேன். நண்பர்களோடு இரவெல்லாம் வேலரன்ட் ஆடுபவர் மட்டும் இதில் விதிவிலக்கு. அவருக்கு விண்டோஸ் கட்டாயம், அதன் மேல் ஸ்டீமை நிறுவிக்கொள்ளலாம். கடையின் கணக்கை நம்பியிருக்க மனமில்லாதவர் ஜிஓஜி என்ற இணையக் கடையைப் பார்க்கலாம். அங்கே வாங்கும் விளையாட்டின் நிறுவல் கோப்பைத் தரவிறக்கி வன்வட்டில் எடுத்துவைத்துவிட்டால், பிறகு எந்தக் கணக்கும் கேட்காது. அங்கே எல்லாப் புதிய விளையாட்டுகளும் வருவதில்லை என்பதும், அது கணினிக்கு மட்டுமே என்பதும் அதன் குறைகள்.

## கணக்கைத் திறப்பதற்கு முன்

எந்த நாட்டின் பெயரில் கணக்கைத் திறக்கிறோம் என்பது பிறகு மாற்றக் கடினமான முடிவு. பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கின் நாட்டுப் பட்டியலில் இலங்கை இல்லாததால், அங்குள்ளவர்கள் வேறொரு நாட்டின் பெயரில் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒருமுறை தேர்ந்த நாட்டை அதில் மாற்ற முடியாது, பரிசு அட்டையும் அந்த நாட்டினுடையதாகவே இருக்க வேண்டும். ஸ்டீமில் இந்தியக் கணக்குகளுக்கு 2015 முதல் ரூபாயில் விலை உண்டு; இலங்கைக்குத் தெற்காசியாவுக்கெனத் தனியாக வகுத்த டாலர் விலை. ஆப்பிள் கணக்கில் இந்தியாவில் கடன் அட்டை, பற்று அட்டை செல்லாது. யூபிஐ, நெட் பேங்கிங், கணக்கில் முன்கூட்டியே போட்டுவைத்த இருப்பு ஆகியவற்றில்தான் கட்ட வேண்டும். ஸ்டீம் டெக் இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்கப்படுவதில்லை, வெளியிலிருந்து வருவதை வாங்கினால் பழுதுபார்ப்புக்கும் உத்தரவாதத்துக்கும் விற்றவரையே நம்பியிருக்க வேண்டும். ஸ்டீமின் பக்கம் போக விரும்பும் இந்திய வாசகர்கள், உள்ளூரில் உத்தரவாதத்தோடு கிடைக்கும் ஒரு விண்டோஸ் கையடக்கக் கருவியையோ சாதாரண மடிக்கணினியையோ வாங்கி, அதில் ஸ்டீமின் பெரிய திரை முறையைப் போட்டுத் தொலைக்காட்சியோடு இணைத்துக்கொண்டாலே இப்போதைக்குப் போதும்.